இடுப்பிலா, பெட்டகத்திலா: டெக்சாஸில் கைத்துப்பாக்கி வாங்கிய அனுபவம்

2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் 21 வயது நிரம்பிய, சட்டத் தடை எதுவும் இல்லாத ஒருவர் லைசென்ஸே இல்லாமல் கைத்துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போகலாம். வகுப்பு கிடையாது, தேர்வு கிடையாது, கைரேகை கிடையாது. நான் ஹூஸ்டனுக்குத் தெற்கே பேர்லாண்டில் இருக்கிறேன். ஓர் ஆஸ்பத்திரி லேபில் இரவு ஷிப்ட். நான் துப்பாக்கி வாங்கியது தெரிந்த தோழிகள் "எது வாங்கினே? தினமும் எடுத்துட்டுப் போறியா?" என்று கேட்டபடியே இருக்கிறார்கள். போனில் துண்டு துண்டாகச் சொல்லி வந்ததை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

இந்த யோசனை வரக் காரணம் எங்கள் வேலையிடத்து கார் நிறுத்துமிடம். என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண்ணிடம் விடியற்காலையில் கத்தியைக் காட்டிப் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள். அவருக்கு அடி எதுவும் இல்லை. ஆனாலும் அதற்குப் பிறகு லிப்ட் கதவு திறந்ததும் என் காரைத் தேடுவதற்கு முன் ஆட்களைத் தேடத் தொடங்கினேன்.

வீட்டில் பேசினோம். என் கணவர் ஒரேயடியாக வேண்டாம் என்றார். 2023 மே 6ஆம் தேதி டல்லாஸுக்கு வடக்கே ஆலன் ஊரில் அவுட்லெட் மாலில் ஒருவன் 8 பேரைச் சுட்டுக் கொன்றானே, அதை நான் எடுத்துக்காட்டினேன். இறந்தவர்களில் தெலங்கானாவிலிருந்து வந்த ஓர் இளம் பொறியாளரும் உண்டு. வேறு வேலையாக அங்கே இருந்த போலீஸ்காரர் ஒருவர் ஓடிவந்து கொலைகாரனைச் சுட்டு வீழ்த்தினார். "பாருங்க, பக்கத்துல துப்பாக்கியோட ஒருத்தர் இருந்ததாலதானே அவனை நிறுத்த முடிஞ்சுது" என்றேன். "அவர் பயிற்சி எடுத்த போலீஸ், கையில வெச்சிருந்தது ரைபிள். நீ கைப்பையோட நிப்பே" என்றார் அவர். ஒரே சம்பவத்தை வைத்து இருவரும் எதிரெதிராகப் பேசிக்கொண்டிருந்தோம்.

அவருடைய உண்மையான பயம் வேறு. வீட்டில் பதினைந்து வயதுப் பையன் இருக்கிறான். 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை. கொலைகள் 20,958. செய்தியில் நாம் பார்ப்பது முழுக்கக் கொலைகள்தான். பாதிக்கு மேல் இருப்பது தன்னையே சுட்டுக்கொண்டவர்கள். மாத்திரை விழுங்கியவரைப் பெரும்பாலும் காப்பாற்றிவிட முடிகிறது. துப்பாக்கி எடுத்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைப்பதில்லை. பரீட்சை மதிப்பெண்ணுக்காக இரண்டு நாள் சாப்பிடாமல் இருக்கும் பிள்ளையை வளர்ப்பவர்களுக்கு இது வெறும் புள்ளிவிவரம் இல்லை. அவர் சொன்னதில் எனக்கு மறுப்பே கிடையாது. பையனுடைய கை படாமல் வைத்துக்கொள்ள முடியுமா என்பதுதான் கேள்வி.

முதலில் லைசென்ஸ் எடுப்போம், துப்பாக்கி பிறகு என்று முடிவு செய்தோம். லைசென்ஸ் தேவையில்லாத மாநிலத்தில் எதற்கு லைசென்ஸ் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது. பள்ளிக்கூட வளாகத்தைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதை மத்திய அரசின் சட்டம் தடுக்கிறது. மாநில லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு அதில் விலக்கு உண்டு, சும்மா எடுத்துப்போகிறவருக்குக் கிடையாது. ஹூஸ்டனைச் சுற்றி எந்தத் தெருவில் போனாலும் ஒரு பள்ளிக்கூடம் வந்துவிடும். வேறு பல மாநிலங்களும் டெக்சாஸ் லைசென்ஸை ஏற்கின்றன. இவற்றைவிடப் பெரிய காரணம், அந்த வகுப்பு.

கட்டணம் 40 டாலர், வகுப்புக்குத் தனியாக. கைரேகை கொடுக்க வேண்டும். நான்கிலிருந்து ஆறு மணி நேர வகுப்பில் சுடுவதைப் பற்றிய பேச்சு குறைவு. சட்டம், சண்டையைத் தவிர்க்கும் விதம், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைப்பது, இவைதான் அதிகம். வகுப்பு எடுத்தவர் ஓய்வுபெற்ற போலீஸ்காரர், பொறுமைசாலி. டெக்சாஸ் சட்டம் சில நிலைமைகளில் இரவு நேரத் திருட்டைத் தடுக்கக்கூட உயிர்போகும் அளவு பலத்தைப் பயன்படுத்த அனுமதிக்கிறது. அதை விளக்கிவிட்டு அவர் கேட்டார்: "ஒரு டிவிக்காக ஒருவனைக் கொன்றுவிட்டு அதே வீட்டில் நீங்கள் தூங்குவீர்களா?" அறையில் யாரும் வாய் திறக்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளாமல் துப்பாக்கி வாங்குபவர்கள் இந்த மாநிலத்தில் ஏராளம் என்பது எனக்கு இன்றும் கவலையாக இருக்கிறது.

சுடும் தேர்வில் 50 தோட்டா. 3 கஜத்தில் 20, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10. மொத்தம் 250 புள்ளியில் 175 எடுத்தால் போதும். கடினமான தேர்வு இல்லை. அசையாமல் நிற்கும் காகிதத்தை வெளிச்சத்தில் சுடுவதுதான். பாஸானதால் ஆபத்தில் சுடத் தெரியும் என்று நினைத்துவிடக் கூடாது.

அடுத்தது துப்பாக்கி. இங்கே சுடுதளங்களில் வாடகைக்குக் கொடுக்கிறார்கள். வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பாருங்கள்; கடைக்காரர் பேச்சைக் கேட்டு வாங்காதீர்கள். குறிப்பாகப் பெண்கள். கவுண்டரில் நின்றதுமே சின்னதாக, சில சமயம் ரோஸ் நிறத்தில், ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். எனக்கு முதலில் காட்டியது ருகர் எல்சிபி. காலியாக இருக்கும்போது 300 கிராம்கூட இல்லை, பர்ஸுக்குள் மறைந்துவிடும். சுட்டுப் பார்த்தேன். உள்ளங்கையில் அறைந்தது போல் உதை. துப்பாக்கி எடை குறைந்தால் உதை கூடும், குழல் குட்டையானால் குறி தவறும். மறைப்பதற்கு எவ்வளவு சுலபமோ, சுடுவதற்கு அவ்வளவு கஷ்டம். புதிதாகப் பழகுபவருக்கு மிகச் சின்னத் துப்பாக்கி ஏற்றதே இல்லை. இதை யாராவது எனக்கு முதலிலேயே சொல்லியிருக்கலாம் என்று நினைத்ததுண்டு. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

ஸ்மித் அண்ட் வெஸன் 642 ரிவால்வரை வகுப்பில் ஒரு பாட்டி மிக நன்றாகச் சுட்டார். ஐந்து தோட்டா, ஸ்லைடை (துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகத்தை) இழுக்க வேண்டிய வேலை இல்லை, ஜாம் ஆவது அரிது. எனக்கு டிரிகர் மிகவும் கனமாக இருந்தது. இழுத்து முடிப்பதற்குள் முனை ஆடிவிட்டது. கிளாக் 19 சுடுவதற்கு அருமை, 15 தோட்டா, கைக்குள் நன்றாக உட்காரும். குர்தாவுக்குள் வைத்தால் செங்கல் போல் துருத்திக்கொண்டு நின்றது. சிக் பி365 சின்ன உடம்புக்குள் 10 தோட்டா அடக்கிய கெட்டிக்காரத் துப்பாக்கி, ஆனால் அதன் குட்டைக் கைப்பிடியில் என் சுண்டுவிரலுக்கு இடமில்லை.

ஸ்லைடை இழுப்பது பற்றி ஒரு வார்த்தை. பல பெண்கள் "என்னால் இழுக்க முடியவில்லை" என்று அங்கேயே விட்டுவிடுகிறார்கள். சிரமமில்லாமல் இழுக்கும்படி செய்த ஷீல்ட் ஈஸி போன்றவை இருக்கின்றன. மூட்டுவலி உள்ளவர்களுக்கு நல்ல தேர்வு. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் பிரச்சினை பலத்தில் இல்லை. துப்பாக்கியை நெஞ்சருகே கொண்டுவந்து, ஸ்லைடை இடது கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும். குழல் எப்போதும் எதிரே சுடுதளத்தைப் பார்த்தே இருக்கட்டும். தள்ளும் பலம் இழுக்கும் பலத்தைவிடப் பெரும்பாலோருக்கு அதிகம்.

கடைசியில் எடுத்தது கிளாக் 43எக்ஸ். மெல்லிய உடம்பு, முழு விரல்களுக்கும் இடம் தரும் கைப்பிடி, 10 தோட்டா, 9 மி.மீ. விலை 450 டாலருக்குப் பக்கம். கடையில் 4473 என்ற மத்திய அரசுப் படிவத்தை நிரப்ப வேண்டும். வாங்குபவர் தனக்காகத்தான் வாங்குகிறாரா என்று அதில் ஒரு கேள்வி உண்டு. வாங்கத் தகுதியில்லாத நண்பருக்காக உங்கள் பெயரில் வாங்கினால் அது பெருங்குற்றம். டெக்சாஸ் லைசென்ஸ் இருப்பதால் பின்னணிச் சோதனைக்குக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. கையெழுத்துப் போட்டதும் பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஊரில் என் பெரியப்பா லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்தார். கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்து வாங்கியது, தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வருவார். அதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இந்த வேகம் நிம்மதி தரவில்லை.

உறைக்கு யோசித்த நேரம் துப்பாக்கிக்கு யோசித்ததைவிட அதிகம். கிளாக்கில் தனியாக சேப்டி பட்டன் கிடையாது, டிரிகரிலேயே ஒரு சின்ன நெம்புகோல்தான். அதனால் டிரிகரை முழுதாக மூடும் கைடெக்ஸ் (கெட்டியான பிளாஸ்டிக்) உறை கட்டாயம். பெண்களின் உடைக்கு பெல்ட் கிடையாது என்பதால், அந்த உறையை வயிற்றைச் சுற்றும் அகலப் பட்டையோடு சேர்த்து வாங்கினேன். கைப்பையில் வைக்கலாமே என்று கேட்காதீர்கள். 2014 டிசம்பர் 30ஆம் தேதி ஐடஹோ மாநிலம் ஹேடன் ஊரில் ஒரு கடையில், ஷாப்பிங் வண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுக் குழந்தை அம்மாவின் கைப்பையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிட்டது. அம்மா அங்கேயே இறந்துபோனார். அவர் அணுசக்தி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த விஞ்ஞானி. துப்பாக்கிக்கென்றே தைத்த பை அது. பை நம் உடம்பைவிட்டு விலகும் பொருள். கோயிலில், கல்யாண மண்டபத்தில், நாற்காலியில் மாட்டிவிட்டு எத்தனை முறை எழுந்து போகிறோம்?

இனி எடுத்துப்போகும் கதை. வாங்கி, பழகி, காலித் துப்பாக்கியோடு வீட்டில் பயிற்சி எடுத்து (தோட்டாக்கள் வேறு அறையில், காலிதானா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டு), சில வாரம் இடுப்பில் வைத்துப் போனேன். 1983இல் டென்னிஸ் டூலர் என்ற சால்ட் லேக் சிட்டி போலீஸ் பயிற்சியாளர் ஒரு கணக்கு எழுதினார்: 21 அடி தள்ளி நிற்பவன் ஓடிவந்து நம்மைத் தொட ஒன்றரை வினாடி போதும். குர்தாவைத் தூக்கி, உறையிலிருந்து உருவிக் குறிபார்க்க எனக்கு அதைவிட அதிக நேரம் பிடித்தது. கத்தியோடு தூணுக்குப் பின்னாலிருந்து வருபவன் 21 அடி தள்ளி நின்றெல்லாம் வரமாட்டான்.

அதைவிடப் பெரிய சிக்கல் வேலையிடம். எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குள் துப்பாக்கி கொண்டுபோக டெக்சாஸ் சட்டமே தடை விதிக்கிறது. கார் நிறுத்துமிடத்துக்கு அந்தத் தடை இல்லை. 2011 முதல், பூட்டிய காருக்குள் வைத்திருப்பதைப் பெரும்பாலான முதலாளிகள் தடுக்கவும் முடியாது. அப்படியானால் என்ன ஆகும்? நான் பயப்படும் அந்த நிறுத்துமிடத்தில், லிப்டிலிருந்து கார்வரை நடக்கும் தூரத்தில், துப்பாக்கி என்னிடம் இருக்காது. பன்னிரண்டு மணி நேரம் ஆளில்லாத காரில் கிடக்கும். கார் கண்ணாடியை உடைத்துத் துப்பாக்கி திருடுவது ஹூஸ்டனில் சாதாரணம். என்னிடமிருந்து போன துப்பாக்கி அடுத்த வாரம் யார் முகத்துக்கு முன்னால் நீளும்?

எடுத்துப்போவதா என்ற விவாதம் எனக்கு முடிந்தது இந்த இடத்தில்தான். தைரியம் இருக்கிறதா, குறி சரியாக இருக்கிறதா என்பதெல்லாம் அடுத்தது. உடம்பைவிட்டு எடுக்க வேண்டிய மணி நேரங்களில் அது எங்கே இருக்கும் என்பதற்குப் பதில் இல்லாத நாட்களில், அதை வீட்டிலிருந்து எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். வேலை நாள் முழுதும் அதில் அடங்கிவிடுகிறது. பள்ளிக்கூடக் கூட்டங்களும் அப்படியே, கட்டடத்துக்குள் தடை. துப்பாக்கியை மறைத்துக்கொண்டு உள்ளே வரக் கூடாது என்று சொல்லும், 30.06 என்று எண் போட்ட பலகை வைத்த கடைகளும் உண்டு. மீதி இருப்பது இரவில் தனியாக டல்லாஸுக்கோ சான் ஆன்டோனியோவுக்கோ கார் ஓட்டும் பயணங்கள். அப்போது இடுப்பில் இருக்கும். போலீஸ் நிறுத்தினால் இரண்டு கையும் ஸ்டியரிங் மேல், டிரைவிங் லைசென்ஸோடு துப்பாக்கி லைசென்ஸும் சேர்த்து நீட்ட வேண்டும்.

மற்ற நேரமெல்லாம் தரையோடு போல்ட் போட்ட இரும்புப் பெட்டகத்தில். எண்ணும் கைரேகையும் எனக்கும் கணவருக்கும் மட்டும். தோட்டாக்களுக்கு வேறு பூட்டு. டெக்சாஸில் தோட்டா ஏற்றிய துப்பாக்கியை அலட்சியமாக வைத்து, அது 17 வயதுக்குக் கீழ் உள்ளவர் கையில் கிடைத்துவிட்டால், வைத்தவர் செய்தது குற்றம். பையனுக்கு இப்போது மனசு சரியில்லை என்று தெரிந்தால் அன்றைக்கே துப்பாக்கி வீட்டைவிட்டு வெளியே போகும்; எங்கே கொடுத்து வைப்பது என்று முன்னதாகவே பேசி வைத்திருக்கிறோம். கணவர் சம்மதித்தது இந்த ஒப்பந்தத்துக்குப் பிறகுதான்.

கார் நிறுத்துமிடத்துக்கு வேறு வழி தேடினோம். இரவு ஷிப்ட் ஊழியர்கள் சேர்ந்து மனு கொடுத்தோம். விளக்குகள் கூடின, கூப்பிட்டால் காவலாளி கார்வரை கூட வருகிறார். சாவிக்கொத்தில் பெப்பர் ஸ்ப்ரே இருக்கிறது.

எச்1பி விசாவில் இருக்கும் தோழிகளுக்கு ஒன்று. குடியேறாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்திய அரசின் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. வார இறுதியில் நண்பர்களோடு சுடுதளம் போய் வாடகைத் துப்பாக்கியைக் கையில் பிடிப்பதும் அதில் சேரும். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு அந்தத் தடை இல்லை. விசாவை எண்ணி வாழ்பவர்கள் ஒரு போட்டோவுக்காக இதில் மாட்டிக்கொள்ள வேண்டாம். போவதற்கு முன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.