பச்சைப்பிள்ளைக்குக் காரியம் கிடையாதாம்

என் சித்தி மகளின் குழந்தை இரண்டரை மாதத்தில் போய்விட்டான். காய்ச்சல் இல்லை, சளி இல்லை, விடிகாலை நாலு மணிக்குப் பால் குடித்துவிட்டுத் தூங்கியவனை ஆறரைக்குத் தொட்டபோது உடம்பு சில்லிட்டிருந்தது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்து, சித்தப்பா குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தார்.

அன்று ஒரு பகலில் மட்டும் “பிள்ளைய எப்படிப் படுக்கப் போட்டே?” என்ற கேள்வி பதினோரு தடவை என் காதில் விழுந்தது. எண்ணினேன். ஒரு பெரியம்மா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார். யாரும் கெட்டவர்கள் இல்லை, காரணம் தெரிந்தால் நம் வீட்டுப் பிள்ளைக்கு வராது என்கிற பயம்தான். மல்லாந்து படுத்ததால் புரையேறிவிட்டது, தடுப்பூசி சேரவில்லை, தோஷம், தூக்கத்தில் இவள் கை பட்டிருக்கும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ராத்திரி எல்லாரும் போன பிறகு அவள் கேட்டாள்: “அக்கா, பால் கொடுத்துட்டு அசந்துட்டேன். நான்தான் ஏதாவது பண்ணிட்டேனா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பல வாரம் படித்தேன்.

நன்றாக இருந்த குழந்தை தூக்கத்திலேயே போய்விடுவதைத் திடீர் சிசு மரணம் என்கிறார்கள். ஆனால் அந்தப் பெயரை எல்லா மரணத்துக்கும் வைத்துவிட முடியாது. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குப் பிரேதப் பரிசோதனை செய்து, இறந்த இடத்தைப் பார்த்து, உடல்நலக் குறிப்புகளை எல்லாம் அலசிய பிறகும் காரணம் கிடைக்காவிட்டால்தான் அந்தப் பெயர். நம் ஊரில் பிஞ்சு உடம்பை அறுக்க யார் மனசு ஒப்பும்? அதனால் அந்தப் பெயர்கூடக் கிடைப்பதில்லை, காலியாக இருக்கிற இடத்தில் வதந்தி வந்து உட்கார்ந்துகொள்கிறது. இரண்டு முதல் நான்கு மாதத்தில்தான் இது அதிகம் நடக்கிறது. மூச்சையும் விழிப்பையும் கவனிக்கிற மூளைத்தண்டில் வெளியே தெரியாத ஒரு பலவீனம், அந்த வயது, கூடவே குப்புறப் படுப்பது, சிகரெட் புகை, மெத்துமெத்தென்ற படுக்கை, அதிகச் சூடு மாதிரி ஏதாவது ஒன்று, மூன்றும் ஒரே நேரத்தில் கூடினால் நடக்கிறது என்பது 1994ல் வந்த விளக்கம். முதலாவதை எந்த அம்மாவாலும் பார்க்க முடியாது.

மல்லாந்து படுத்தால் புரையேறும் என்பது தப்பு, குப்புறப் போடுவதுதான் ஆபத்து. மேல்நாட்டில் டாக்டர்களே பல வருடம் குப்புறப் போடச் சொல்லியிருக்கிறார்கள்! அமெரிக்காவில் 1994ல் மல்லாத்திப் போடுங்கள் என்று பெரிய பிரசாரம் தொடங்கி, அடுத்த பத்து வருடங்களில் இந்த மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. தடுப்பூசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதையெல்லாம் மாசமாக இருக்கிறவர்களிடம் இன்றே சொல்லுங்கள். இழந்தவளிடம் போய்ப் பாடம் எடுக்காதீர்கள்.

சந்தேகம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இங்கிலாந்தில் திருப்தி படேல் வழக்கு இருக்கிறது. மூன்று குழந்தைகளை இழந்தவர் மேல் கொலை வழக்குப் போட்டார்கள். இந்தியாவிலிருந்து அவருடைய பாட்டி போய்ச் சாட்சி சொன்னார்: எனக்குப் பன்னிரண்டு பிள்ளைகள், ஐந்து பேர் கைக்குழந்தையாகவே போய்விட்டார்கள் என்று. 2003ல் விடுதலை. இரண்டு மகன்களைக் கைக்குழந்தையாகவே இழந்து, கொன்றதாகத் தண்டிக்கப்பட்டு, அதே வருடம் விடுதலையான இன்னொரு அம்மா சாலி கிளார்க் அதற்குள் மூன்று வருடத்துக்கு மேல் சிறையில் இருந்துவிட்டார்.

சரி, நம் வீட்டுக்கு வருகிறேன். அதே வீட்டில் தாத்தா போனபோது பதினாறு நாள் ஆள் இருந்தது, வேளாவேளைக்குச் சோறு வந்தது. பச்சைப்பிள்ளைக்குக் காரியம் கிடையாதாம். மூன்றாம் நாள் வீடு காலி, நாலாம் நாள் மாப்பிள்ளை வேலைக்குப் போய்விட்டார் (அவரை யாருமே எதுவும் கேட்கவில்லை, அது இன்னொரு கொடுமை). அவள் கண்ணில் படக்கூடாதென்று தூளியையும் துணியையும் கேட்காமலே அப்புறப்படுத்தியிருந்தார்கள். அவள் ஒரு மஞ்சள் குல்லாவை இரண்டு நாள் தேடிக்கொண்டிருந்தாள்.

ஆனால் பாலுக்குத் தெரியாதே. ரவிக்கை நனைந்து, மார் கல்லாகக் கட்டி, வலியில் துடித்தாள். சித்தி மல்லிகைப்பூவைச் சரம் கட்டி மார்பில் வைத்துக் கட்டினார். பாட்டி வைத்தியம் என்று நினைத்தேன், வேலூரில் டாக்டர்கள் ஆய்வே செய்து, பலன் இருப்பதாக 1988ல் எழுதியிருக்கிறார்கள். அந்த அறை முழுக்கக் கல்யாண வீடு மாதிரி மணத்தது.

பதினாலாவது வார ஊசிக்கு நர்ஸம்மா போன் செய்தபோது நல்லவேளை நான் எடுத்தேன். விஷயத்தைச் சொல்லி, பேரை எடுத்துவிடச் சொன்னேன். துக்க வீட்டில் உருப்படியாக ஏதாவது செய்ய வேண்டும் என்பவர்கள் இந்த மாதிரி போன்களைப் பார்த்துக்கொள்ளலாம். “சின்ன வயசுதானே, அடுத்தது பெத்துக்கலாம்” என்று சொல்லாமல் இருந்தாலே பாதி புண்ணியம்.

அவள் கேட்டதற்கு, “இல்லடி, உன் கையால எதுவும் நடக்கல” என்று இப்போது ஒவ்வொரு போனிலும் சொல்கிறேன். ஒரு தடவை சொன்னால் நிற்பதில்லை. போன வாரம் அரைமணி நேரம் அவன் கொட்டாவி விடுகிற அழகைப் பற்றி மட்டுமே பேசினாள். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்துவிட்டது, நான் போனை வைக்கவில்லை.