டாங்கி நிறைந்தால் ஓடும், குறைந்தால் நிற்கும்

எங்களிடம் இருப்பது சுசுகி எஸ்ஜே 413 ஜீப். 1,324 சிசி பெற்றோல் எஞ்சின், காபரேட்டர், ஐந்து கியர். எண்பதுகளில் வந்த வண்டி. எங்கள் திருகோணமலையில் இறக்கக்கண்டி மணலுக்கும் குச்சவெளிக்கு அப்பாலுள்ள காட்டுப் பாதைகளுக்கும் இந்தக் காசுக்கு இதைவிட நல்ல வாகனம் கிடையாது என்பது என் கட்சி. வீட்டில் அதற்கு ஆதரவு குறைவு.

கச்சான் காற்று தொடங்கிய நாட்களில் வருத்தம் காட்டத் தொடங்கியது. சமதரையில் ஒழுங்காக ஓடும். வீட்டு வாசலில் மணிக்கணக்காக ஸ்டார்ட்டில் விட்டாலும் நிற்காது. உவர்மலை ஏற்றத்தில் இரண்டாம் கியரில் கொஞ்சம் அமத்தினால் ஒரு உலுப்பல், பிறகு இன்னொன்று, அதற்குப் பிறகு அக்சலேட்டரை எவ்வளவு அமத்தினாலும் இழுவை இல்லை, அப்படியே நின்றுவிடும். பத்து நிமிடம் விட்டுச் செல்ஃப் அடித்தால் ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். ஒருமுறை கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வீதியில் நின்றது. பின்னால் வந்த வான்கள் ஹோர்ன் அடிக்க, முன்னால் மான்கள் அசையாமல் படுத்திருந்தன. அந்த மான்களின் பொறுமை வான்காரர்களுக்கு இருந்திருக்கலாம்.

இப்படி நிற்கும் வண்டிக்கு வைத்தியம் சொல்ல ஊரில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. பிளக்குக்கு மின்பொறி கொடுக்கும் கொயில் சூடேறிச் செத்துப்போய், ஆறினதும் உயிர் வருகிறது என்றார் ஒருவர். அது நடக்கக்கூடியதுதான். அறிகுறியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நண்பர் ஒருவரின் வண்டியிலிருந்து கொயிலை இரவல் வாங்கி மாட்டினோம், மாற்றமில்லை. வெயிலுக்குக் குழாயில் பெற்றோல் ஆவியாகிறது, ஈரத்துணி சுற்று என்றார் இன்னொருவர். சுற்றினால் கொஞ்சம் தேவலைபோல் தெரிந்தது. ஆனால் விடியற்காலை குளிரிலும் நின்றதால் முழுப் பழியையும் வெயில்மேல் போட முடியவில்லை. காபரேட்டரில் இருக்கும் எரிபொருள் நிறுத்தும் சொலனாய்ட்டை (மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வு) மாற்றச் சொன்னவரும் உண்டு. அது பழுதானால் வண்டி சும்மா நிற்கும்போதுதான் அணையும், மிதித்தால் ஓடும். எங்களுடைய வருத்தம் அதற்கு நேர் எதிர்.

வழியைக் காட்டியவர் பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் ஐயா. முன்பு துறைமுகத்தில் எஞ்சின் வேலை செய்தவர். "தம்பி, நிண்ட உடன செல்ஃப் அடியாதேங்கோ. இறங்கிப் பொனட்டைத் திறந்து காபரேட்டர்க் கண்ணாடியைப் பாருங்கோ" என்றார்.

இந்தக் காபரேட்டரின் பக்கத்தில் சின்ன வட்டக் கண்ணாடி ஒன்று இருக்கும். மிதவைக் கிண்ணத்தில் பெற்றோல் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று அதில் தெரியும். நடுவிலுள்ள குறியோடு மட்டம் நின்றால் சரி. வண்டி நின்ற கணத்தில் கண்ணாடியில் பெற்றோல் இருந்தால் குற்றம் பெரும்பாலும் நெருப்புப் பக்கம், அதாவது கொயில், பிளக், வயர். கண்ணாடி வெறுமையாக இருந்தால் பெற்றோல் வந்து சேரவில்லை. நாம் எல்லோரும் செய்வதுபோல் உடனே செல்ஃப் அடித்தால் பம்பு சுற்றிக் கிண்ணத்தை நிரப்பிவிடும், சாட்சி போய்விடும். அடுத்த முறை உவர்மலையில் நின்றபோது பார்த்தேன். கண்ணாடி காய்ந்து கிடந்தது. இரவல் கொயிலை அன்றே திருப்பிக் கொடுத்தேன்.

சும்மா நிற்கும்போது ஓடுவது ஏன் என்பதும் இதோடு விளங்கியது. அப்போது எஞ்சின் குடிப்பது மிகக் கொஞ்சம், அரைகுறையாய் வரும் பெற்றோலே போதும். ஏற்றத்தில் செலவு பலமடங்காகும். வரவு குறைந்தால் கிண்ணத்தில் இருப்பது சில விநாடிகளில் தீர்ந்துவிடும்.

சரி, பெற்றோல் எங்கே தடைப்படுகிறது? முதலில் டாங்கி மூடி. டாங்கிக்குள் காற்றுப் போக வழியில்லாவிட்டால் வெற்றிடம் உண்டாகிப் பம்பால் இழுக்க முடியாது. நின்றதும் மூடியைத் திறந்தேன், புஸ் என்ற சத்தம் இல்லை. திறந்து வைத்து ஓட்டியும் நின்றது. அடுத்தது ஃபில்டர். அதைக் கழற்றித் தட்டினால் செம்பழுப்புத் தூள். 2022இல் பெற்றோல் வரிசைகளும் கியூஆர் பங்கீடும் இருந்த காலத்தில் இந்த ஜீப் டாங்கியின் அடியில் கொஞ்சம் பெற்றோலோடு மாதக்கணக்கில் நின்றது. வெறும் டாங்கியில் ஈரம் படிந்து துருப்பிடிப்பது வழமை, கடற்காற்று ஊரில் சொல்லவே வேண்டாம். (சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் வரிசையாய் நிற்கும் ஊரில், போத்தல் பெற்றோலுக்கு நாங்கள் வரிசையில் நின்றோம்.) கொஞ்சத்தைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்து ஓர் இரவு வைத்துப் பார்த்தேன். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனிப் படையாக நிற்கும். நிற்கவில்லை, துரு மட்டுந்தான்.

புது ஃபில்டர் போட்டதும் வண்டி நன்றாக ஓடியது, கொஞ்ச நாளைக்கு. ஒளி ஊடுருவும் ஃபில்டர் என்பதால் பார்க்கிறவர்கள் எல்லாம் "பாதிதான் நிரம்பியிருக்கு" என்று பயமுறுத்தினார்கள். பம்புக்கு முன்னால் இருக்கும் ஃபில்டர் பெரும்பாலும் பாதிதான் நிரம்பும், அதைக் குறையாக எடுக்க வேண்டாம். பிறகு பழைய குணம் திரும்பியது. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். ஃபில்டர் மாற்றிய அன்று டாங்கியையும் நிரப்பியிருந்தேன். பின்னோக்கி யோசித்தால், நிரப்பிக்கொண்டு ஹபரணைப் பக்கம் போன நீண்ட பயணங்களில் ஒருநாளும் நிற்கவில்லை. நின்றதெல்லாம் முள் பாதிக்குக் கீழே இறங்கிய பிறகு.

அடுத்த சோதனைக்குக் கைகொடுத்தவர் சாம்பல்தீவு மீனவ நண்பர். படகு எஞ்சினுக்குப் பாவிக்கும் சிறிய டாங்கியும், நடுவில் கையால் அமத்தும் பந்து வைத்த ஹோஸும் தந்தார். இங்கே படகுகள் பல மண்ணெண்ணெயில் ஓடுபவை. ஆகவே பெற்றோல் டாங்கிதானா என்று கேட்டு வாங்க வேண்டும். அதைப் பின்பக்கம் ஜீப்பின் சொந்த டாங்கியின் உயரத்துக்கே கட்டி, ஹோஸை நேரே பம்பில் கொடுத்தோம். மேலே வைத்தால் பெற்றோல் தானாக இறங்கிவந்து பம்பின் பலவீனத்தை மறைத்துவிடும். கூரைத் துணியைக் கழற்றி, தீயணைப்பான் ஒன்றையும் கையில் வைத்து, மெதுவாக உவர்மலை ஏறினோம். திரும்பத் திரும்ப ஏறினோம். நிற்கவேயில்லை. பம்பும் காபரேட்டரும் நல்லவை என்று தெரிந்தது. பம்புக்குள் இருக்கும் ரப்பர்ச் சவ்வு (டயபிரம்) கிழிந்தால் எஞ்சின் ஒயிலில் பெற்றோல் மணக்கும் என்பதால் ஒயில் குச்சியையும் இழுத்து மணந்து பார்த்திருந்தேன், அதுவும் சுத்தம்.

சொந்த டாங்கியை மீண்டும் இணைத்து, பம்புக்குள் நுழையும் இடத்தில் ஒரு துண்டு ஒளி ஊடுருவும் குழாய் போட்டோம். கால் டாங்கி பெற்றோலில் எஞ்சினை உறுமவிட்டதும் குழாய் நிறையக் குமிழிகள். பிறகு படகு டாங்கியை ஃபில்டருக்கு முன்னால், சேசிஸ் வழியே எஞ்சினுக்குப் போகும் பெற்றோல் குழாயின் பின்முனையில் கொடுத்தோம். குமிழி இல்லை. ஆக, காற்று நுழைவது டாங்கியின் தலைமாட்டில்.

பெற்றோலை வடித்து, பற்றரியின் நெகட்டிவைக் கழற்றி, வெட்டவெளியில் டாங்கியை இறக்கினோம். மேல்தட்டு முழுக்க நிலாவெளி மணல். டாங்கிக்கும் சேசிஸ் குழாய்க்கும் நடுவிலுள்ள ரப்பர் ஹோஸ் கிளிப்புக்கு அடியில் வெடித்திருந்தது. அதைச் சுற்றி ஈரமோ பெற்றோல் மணமோ துளியும் இல்லை. அந்தப் பக்கம் பம்பு இழுக்கும் பக்கம். அங்கே ஓட்டை விழுந்தால் பெற்றோல் வெளியே வராது, காற்றுத்தான் உள்ளே போகும். ஓட்டை ஸ்ட்ரோவால் செவ்விளநீர் குடிக்கிற மாதிரித்தான். டாங்கி நிறைந்திருக்கும்போது பெற்றோல் ஹோஸின் மட்டத்துக்குக் கிட்ட நிற்பதால் பம்பு பலமாக இழுக்கத் தேவையில்லை. மட்டம் இறங்க இறங்க இழுவை கூடும், காற்றும் கூடும். ஏற்றத்தில் பின்னாலிருக்கும் டாங்கி எஞ்சினைவிட இன்னும் தாழ்ந்துபோகும். வெயிலில் ஈரத்துணி கொஞ்சம் உதவியதும் பொய்யில்லை. இழுவையில் இருக்கும் சூடான பெற்றோல் சுலபமாக ஆவியாகும்.

இதற்கு நடுவே ஒரு கராஜில் எலக்ட்ரிக் பம்பை டாங்கிக்குப் பக்கத்தில் பூட்டினால் எல்லாம் சரியாகும் என்றார்கள். வண்டி ஓடியிருக்கும் என்பது உண்மை. ஆனால் காற்றை இழுத்த அதே வெடிப்பு, பம்பு எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கத்தில் இருந்தால் பெற்றோலைப் பீய்ச்சும். கீழே சைலன்சர் சூட்டில் இருக்கும். அழுத்தம் கூடிய பம்பு காபரேட்டரின் ஊசி வால்வையும் தள்ளிப் பெற்றோலை வழியவிடும். பெற்றோல் எங்கே தடைப்படுகிறது என்று தெரியாமல் அந்தப் பம்பைப் பூட்டவே கூடாது என்பது என் முடிவு.

உள்விட்டம் அளந்து, பெற்றோலுக்கென்றே செய்த ஹோஸ் வாங்கினோம். தண்ணீர்க் குழாயோ, சோதனைக்குப் போட்ட ஒளி ஊடுருவும் குழாயோ நிரந்தரமாகத் தாங்காது, விறைத்து வெடிக்கும். மிஞ்சிய பெற்றோல் டாங்கிக்குத் திரும்பிவரும் குழாயின் ஹோஸும் அதே வயது என்பதால் அதையும் மாற்றினோம், கிளிப்புகளும் புதிது. இப்போது முள் சிவப்பைத் தொடும்போதும் உவர்மலை ஏறுகிறது. ஃபில்டரில் துருத்தூள் மட்டும் இன்னும் சேர்கிறது. டாங்கியை உள்ளே கழுவும் வேலையை மாரி மழைக்கு முன் முடிக்க வேண்டும்.