புஷ்டி, பாப்டி, ஒரு கல்யாண ஆல்பம்

பாளையங்கோட்டையில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் எனக்கு வேலை. போன ஆவணியில் கல்லிடைக்குறிச்சிக் கல்யாணம் ஒன்று. மூலப் படங்கள் ஒரு ஃபோல்டரில், வாட்ஸ்அப்பில் அனுப்பச் சுருக்கியவை இன்னொன்றில், காப்புப் பிரதி வெளி ஹார்டு டிஸ்கில். ஒவ்வொன்றின் பாதையும் ஒரு முழம் நீளம். கட்டளைகளைத் தட்டச்சு செய்கிற லினக்ஸ் டெர்மினலில், ஃபோல்டர் விட்டு ஃபோல்டர் போக ‘சிடி’ கட்டளையை அடித்தே விரல் ஓய்ந்தது. ‘சிடி -’ போட்டால் முந்தைய இடத்துக்குத் திரும்பலாம்தான். ஆனால் அதற்கு ஒரே ஓர் இடம்தான் ஞாபகம் இருக்கும்.

அப்போதுதான் டெர்மினலில் நம் கட்டளைகளை வாங்கிச் செய்கிற பாஷ் ஷெல்லின் ‘புஷ்டி’ கண்ணில் பட்டது. உடம்பில் ஏறும் புஷ்டி இல்லை. புஷ், அப்புறம் டைரக்டரியின் (ஃபோல்டர்தான்) ‘டி’. பாஷுக்கு முந்தைய சி ஷெல் காலத்துச் சரக்கு. பாதையைக் கொடுத்தால் அங்கே கூட்டிப்போகும், கிளம்பிய இடத்தையும் அடுக்கில் வைத்துக்கொள்ளும். ‘பாப்டி’ உச்சியில் உள்ளதை எடுத்துவிட்டு, அதற்கு அடியில் உள்ள இடத்துக்குத் திருப்பும். பத்தமடைப் பாயை அடுக்கி வைத்த மாதிரி: கடைசியாக வைத்ததுதான் முதலில் கைக்கு வரும்.

இரண்டு நாள் சுகமாகப் போயிற்று. மூன்றாம் நாள் மாட்டினேன். மூலப் படங்களிலிருந்து சுருக்கிய படங்களுக்குப் புஷ்டி. அங்கிருந்து காப்பு டிஸ்குக்குப் பழக்கதோஷத்தில் வெறும் சிடி. எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பாப்டி. சுருக்கிய படங்களில் நிற்கிறேன் என்ற நினைப்பில், நிற்கிற இடத்து ஜேபிஜி படங்களையெல்லாம் அழிக்கும் ‘ஆர்எம் *.ஜேபிஜி’ அடித்தேன். நின்றதோ மூலப் படங்களில்! சிடி அடுக்கின் மேல் எதையும் புதிதாக வைப்பதில்லை. உச்சியில் இருப்பதையே மாற்றிவிடும். சுருக்கிய படங்களின் இடம் அப்போதே போய்விட்டது. வயிற்றெரிச்சல் என்னவென்றால், பாப்டி ஒவ்வொரு தடவையும் அடுக்கைத் திரையில் காட்டத்தான் செய்கிறது. நான்தான் பார்க்கவில்லை.

“என்னல, மூஞ்சி வெளிறிக் கெடக்கு?” என்றார் அண்ணாச்சி.

“ஒண்ணுமில்ல அண்ணாச்சி” என்று சமாளித்துவிட்டு, காப்பிலிருந்து படங்களை இழுத்துப் போட்டேன். நல்லவேளை, ஒன்றும் குறையவில்லை.

இப்போது ‘டிர்ஸ் -வி’ அடிக்காமல் எதையும் அழிப்பதில்லை. அது இடங்களை 0, 1, 2 என்று எண் போட்டுக் காட்டும். ‘புஷ்டி +2’ என்றால் அடுக்கு சுழன்று அந்த எண்ணுள்ள இடம் மேலே வரும். வெறும் புஷ்டி மேலுள்ள இரண்டையும் இடம் மாற்றும்; மூலத்துக்கும் காப்புக்கும் மாறி மாறி ஓடுகிற நாளில் அதுவே எனக்குப் போதும். ஒவ்வொரு டெர்மினலுக்கும் அடுக்கு தனித்தனி, மூடினால் போய்விடும். போன வாரம் ஆறு இடம் அடுக்கி வைத்திருந்தேன், கரண்டு போயிற்று.