எதுவரைக்கும் என்று கேட்கும் ஜெபம்

துன்பத்தில் இருக்கும் விசுவாசிக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் "அழக் கூடாது, ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்பதுதான். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் வேதாகமம் அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை. 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல். நாம் ஆராதனையில் பாடுவது மீதி இரண்டு பங்கைத்தான். அதனால் நோயோ மரணமோ துரோகமோ வந்து நிற்கும் நாளில், ஜெபிக்க உட்கார்ந்தால் வாயில் வார்த்தை இருப்பதில்லை. துதி பொய்யாகத் தோன்றுகிறது, கேள்வி பாவமாகத் தோன்றுகிறது. இரண்டுக்கும் நடுவே மௌனமாகி, சிலர் ஜெபத்தையே விட்டுவிடுகிறார்கள். அந்த மௌனத்தை உடைக்கத்தான் புலம்பல் சங்கீதங்கள் இருக்கின்றன. அவற்றை எப்படி ஜெபிப்பது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பழக 13-ஆம் சங்கீதம் நல்ல தொடக்கம். ஆறே வசனங்கள். முதல் இரண்டு வசனங்களில் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்கு தடவை வருகிறது. எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் உம்முடைய முகத்தை மறைப்பீர் என்று முதல் இரண்டும் கர்த்தரை நேராகக் கேட்கின்றன. மூன்றாவது தன் மனதுக்குள் ஓயாமல் சுழலும் யோசனைகளைப் பற்றியது. நான்காவது சத்துருவைப் பற்றியது. தேவன், நான், மற்றவர்கள் என்று வலியின் மூன்று முகங்களும் இரண்டே வசனங்களுக்குள் வந்துவிடுகின்றன. மூன்றாம், நான்காம் வசனங்கள் விண்ணப்பம்: நோக்கிப்பாரும், செவிகொடும், என் கண்களைத் தெளிவாக்கும். ஐந்தாம் வசனத்தில் "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்று திரும்புகிறது. கடைசி வசனம், பாடுவேன் என்ற வாக்கு. இதன் தலைப்பையும் கவனியுங்கள்: இராகத்தலைவனுக்கு ஒப்புவிக்கப்பட்டது. அதாவது, "என்னை மறந்துவிட்டீரா" என்ற கேள்வி தனி அறையில் ஒளித்துவைத்த ஒன்றல்ல, ஜனங்கள் கூடிப் பாடியது.

உங்கள் சொந்தப் புலம்பலை எழுத இதே வரிசை போதும். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு இருபது நிமிடம் உட்காருங்கள். அதற்கு மேல் நீட்ட வேண்டாம். ஆறாத காயத்தை நீண்ட நேரம் கிளறினால் களைப்புதான் மிஞ்சும். முதல் வரி அழைப்பு. "கர்த்தாவே" என்றோ "அப்பா" என்றோ, உங்கள் வாயில் இயல்பாக வருவதை எழுதுங்கள். அடுத்து முறையீடு. இங்கேதான் நேரம் செலவாக வேண்டும், இருபதில் பத்து நிமிடமாவது. "கஷ்டமாக இருக்கிறது" என்று பொதுவாக எழுதிவிட்டு நகராதீர்கள். எது, எப்போது, யாரால், எந்த நேரத்தில் அதிகம் வலிக்கிறது என்று பெயர் சொல்லி எழுதுங்கள். "இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்தால், பக்கத்தில் இருந்த படுக்கை காலியாக இருக்கிறது" என்பது முறையீடு. "என் பாரங்களை அறிவீர்" என்பது மழுப்பல். பிறகு விண்ணப்பம், ஒன்றோ இரண்டோ போதும், திட்டமானதாக இருக்கட்டும். வலி முழுவதும் நீங்க வேண்டும் என்றும் கேட்கலாம், இன்றிரவு நான்கு மணி நேரம் தூங்க வேண்டும் என்றும் கேட்கலாம். அதன்பின் ஒரே ஒரு வரி நம்பிக்கை அறிக்கை. உங்களால் இன்று உண்மையாகச் சொல்ல முடிகிற அளவுக்கு மட்டும். "நீர் நல்லவர் என்று எனக்குத் தோன்றவில்லை, ஆனாலும் உம்மிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்" என்பதும் நம்பிக்கை அறிக்கைதான். பிறகு சத்தமாக ஒருமுறை வாசியுங்கள். கண்ணால் தாண்டிப்போன வரியில் குரல் தடுக்கி நிற்கும். நாளை அங்கிருந்து தொடங்கலாம்.

இதில் தவறிப்போகும் இடங்கள் இரண்டு. ஒன்று அவசரம். முறையீட்டை இரண்டு வரியில் முடித்துவிட்டு ஐந்தாம் வசனத்துக்குத் தாவுவது. சொல்லப்படாத வலி போய்விடுவதில்லை. அது கோபமாகவோ உடல் சோர்வாகவோ, ஜெபிக்கவே பிடிக்காத மனநிலையாகவோ வேறு வாசலில் திரும்பி வருகிறது. மற்றொன்று இதற்கு நேர் எதிர்: முறையீடு முறுமுறுப்பாக மாறுவது. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் முறுமுறுத்ததும் தாவீது புலம்பியதும் மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு கடுமையில் இல்லை. தாவீதின் சொற்கள்தான் அதிகக் கடுமை. அவர்கள் தேவனைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள், தாவீது தேவனிடமே பேசினார். எழுதியதைத் திரும்பப் பார்க்கும்போது "அவர்" என்று எழுதியிருக்கும் இடங்களை "நீர்" என்று மாற்றிப் பாருங்கள். "அவர் என்னைக் கைவிட்டார்" என்பது ஒரு முடிவு. "நீர் ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பது ஜெபம். சிலுவையில் ஒன்பதாம் மணி நேரத்தில் இயேசு உரத்த சத்தமாய்ச் சொன்னது இந்த இரண்டாவதைத்தான், 22-ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தை. தேவகுமாரனின் வாயில் வந்த கேள்வியை விசுவாசக் குறைவு என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

சில நாட்களில் ஐந்தாம் வசனம் வரவே வராது. அந்த நாட்களுக்கென்றே 88-ஆம் சங்கீதம் இருக்கிறது. "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்ற அழைப்பைத் தவிர அதில் வெளிச்சமே இல்லை. எபிரெய மொழியில் அதன் கடைசிச் சொல் இருளைக் குறிப்பது. துதியில் முடியாத அந்த ஜெபத்தையும் வேதத்திலிருந்து யாரும் நீக்கிவிடவில்லை. அதனால் இருளிலேயே முடிகிற ஜெபத்தையும் ஆமென் சொல்லி மூடிவைக்கலாம்.

எருசலேம் பாபிலோனியரிடம் விழுந்தது கி.மு. 586 வாக்கில். அந்த இடிபாடுகளிலிருந்து வந்த புலம்பல் புத்தகம் கதறலாகத் தோன்றினாலும் மிகுந்த கட்டுக்கோப்புள்ள கவிதை. எபிரெய எழுத்துகள் 22. முதல் இரண்டு அதிகாரங்களும் நான்காவதும் நம் ஆத்திசூடிபோல எழுத்து வரிசையில், எழுத்துக்கொரு வசனமாக 22 வசனங்களில் அமைந்தவை. நடுவிலிருக்கும் மூன்றாம் அதிகாரத்தில் எழுத்துக்கு மூன்று வசனம், மொத்தம் 66. ஐந்தாம் அதிகாரத்தில் 22 வசனங்கள் உண்டு, எழுத்து வரிசை மட்டும் கலைந்துபோகிறது. அழுவதற்கு ஒரு வடிவம் இருந்தால் துக்கத்துக்கு ஒரு கரை கிடைக்கிறது. தொடக்கம் முதல் கடைசி எழுத்துவரை சொல்லித் தீர்க்கலாம், பிறகு நிறுத்தலாம். "காலைதோறும் புதியவைகள்" என்று நாம் சுவரில் மாட்டிவைக்கும் வசனம் அந்த மூன்றாம் அதிகாரத்தின் 23-ஆவது. அதற்கு ஐந்து வசனம் முன்பு, 18-இல், கர்த்தருக்குக் காத்திருந்த நம்பிக்கையும் அழிந்துபோயிற்று என்கிறார் அதே ஆள். 21-இல் "இதை என் மனதிலே வைத்து, நம்பிக்கைகொண்டிருப்பேன்" என்கிறார். நடுவில் நிலைமை எதுவும் மாறவில்லை. நகரம் இன்னும் சாம்பல்தான். மாறியது அவர் மனதில் எடுத்து வைத்துக்கொண்ட பொருள் மட்டுமே. புத்தகமும் அந்த நம்பிக்கையில் முடிவதில்லை. எங்களை முற்றிலும் தள்ளிவிட்டீரோ என்ற தவிப்பில் முடிகிறது. நம்பிக்கை நடுவில் வந்து போகும், மறுபடி அழுகை வரும், அதனால் நம்பிக்கை பொய்யாகிவிடாது.

நம்பிக்கை என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் ஒருவரை நம்புவதும் நம்பிக்கைதான், இனி வரப்போவதைக் குறித்த உறுதியும் நம்பிக்கைதான். கத்தோலிக்கரின் திருவிவிலியம் இரண்டாவதற்கு "எதிர்நோக்கு" என்ற சொல்லைப் பயன்படுத்துகிறது. நல்ல சொல், எதிரே ஏதோ இருக்கிறது, அதை நோக்கிக் கண் திரும்பியிருக்கிறது என்பது அதிலேயே தெரிகிறது. ரோமர் 5-இல் பவுல், உபத்திரவம் பொறுமையையும், பொறுமை பரீட்சையையும், பரீட்சை நம்பிக்கையையும் உண்டாக்கும் என்கிறார். இதில் பொறுமை என்று பெயர்த்திருக்கும் கிரேக்கச் சொல்லின் பகுதிகளைப் பிரித்தால் "கீழே தங்கியிருத்தல்" என்று வரும்: பாரத்தின் கீழே ஓடாமல் நிற்பது. பரீட்சை என்பது இங்கே தேர்வு எழுதுவதல்ல, சோதித்து உறுதியான தன்மை. ஆகவே இந்த வரிசை சீக்கிரம் நடக்கக் கூடியதல்ல. துன்பம் வந்த முதல் வாரத்திலேயே நான்காவது படியில் நிற்கும்படி யாரையும் கேட்கக் கூடாது. அந்த எதிர்நோக்கின் பொருளும் "எல்லாம் சரியாகிவிடும்" என்பதல்ல. இயேசு கல்லறையிலிருந்து எழுந்தார், அவருடையவர்களும் எழுவார்கள் என்பது. இம்மைக்காக மாத்திரம் நம்பினால் எல்லா மனிதரிலும் பரிதபிக்கத்தக்கவர்கள் நாம்தான் என்று 1 கொரிந்தியர் 15:19 ஒளிக்காமல் சொல்கிறது. எழுந்த உடலிலும் ஆணிக்காயங்கள் இருந்தன, தோமா அவற்றைப் பார்த்தார். நடந்த துன்பம் நடக்கவே இல்லை என்று அழித்துவிடும் நம்பிக்கை அல்ல இது.

சில வசனங்கள் அடிபட்டவரை மேலும் அடிக்கப் பயன்படுகின்றன. "தாங்க முடியாததைத் தேவன் தர மாட்டார்" என்று சொல்வார்கள். அதற்கு ஆதாரமாகக் காட்டும் 1 கொரிந்தியர் 10:13 பேசுவது பாவத்துக்கு இழுக்கும் சோதனையைப் பற்றி. அதே பவுல் 2 கொரிந்தியர் 1:8-இல், ஆசியாவில் தங்கள் பலத்துக்கு மிஞ்சின பாரம் வந்தது, பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனது என்று எழுதுகிறார். "சகலமும் நன்மைக்கு" என்ற ரோமர் 8:28 உண்மை. ஆனால் அதற்கு முன்னால் 22 முதல் 26 வரை சிருஷ்டி தவிக்கிறது, நாம் தவிக்கிறோம், ஆவியானவரும் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார். அந்தப் பெருமூச்சைத் தாண்டிக் குதித்து 28-ஐ மட்டும் கொடுக்கக் கூடாது. நன்மை என்றால் என்ன என்பதை 29 சொல்கிறது: குமாரனின் சாயலுக்கு ஒப்பாவது. வேலை திரும்பக் கிடைப்பது என்று அங்கே எழுதியில்லை.

"விசுவாசம் இல்லாததால்தான் சுகம் வரவில்லை" என்பதுதான் எல்லாவற்றிலும் கொடியது. தன் மாம்சத்திலே இருந்த "முள்" என்று பவுல் சொன்ன பலவீனம், அவர் மூன்று தரம் வேண்டியும் நீங்கவில்லை. தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை நோயாளியாகவே மிலேத்து ஊரில் விட்டுவந்தார். வயிற்றுக்காகவும் அடிக்கடி வரும் பலவீனங்களுக்காகவும் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கும்படி தீமோத்தேயுவுக்கு எழுதினார், விசுவாசத்தைச் சந்தேகிக்கவில்லை. மூப்பரை அழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்கிறது யாக்கோபு 5:14, அதைச் செய்யுங்கள். மருந்தையும் நிறுத்தாதீர்கள். "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று எலியா சூரைச்செடியின் கீழ் படுத்தபோது, தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிட்டான், தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டு இன்னொரு முறையும் சாப்பிடவைத்தான். கர்த்தர் கேள்வி கேட்டது நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான். எலியாவுக்கு வந்த அந்த எண்ணம் உங்களுக்கும் வந்தால் இன்றே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், மருத்துவரையும் பாருங்கள், தனியாக இருக்காதீர்கள். அதேபோல், அடிக்கிறவரோடு ஒரே வீட்டில் இருப்பதைச் சிலுவை சுமப்பது என்று யாராவது போதித்தால் ஏற்காதீர்கள். தமஸ்குவில் தன்னைப் பிடிக்கத் தேடியபோது பவுல் கூடையில் இறங்கித் தப்பினார். சாட்டையால் அடிக்கக் கட்டியபோது தன் ரோமக் குடியுரிமையைச் சொல்லித் தடுத்தார்.

ஆறுதல் சொல்லப் போகிறவர்களுக்கு யோபின் நண்பர்களே பாடம். ஏழு நாள் இரவும் பகலும் தரையில் கூடவே உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாதிருந்தார்கள். அதுவரை அவர்கள் செய்ததெல்லாம் சரி. காரணம் கண்டுபிடிக்கப் போனபோதுதான் கெட்டது. பிறந்த நாளையே சபித்த யோபைப் பார்த்து அல்ல, தேவனுக்காக வாதாடிய அந்த மூவரைப் பார்த்து, நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்றார் கர்த்தர். ஆகவே பார்க்கப் போனால் கால் மணி நேரம் கூட உட்கார்ந்திருந்தாலே போதும். ஏன் நடந்தது என்று விளக்க வேண்டாம். "ஏதாவது தேவைன்னா சொல்லுங்க" என்பதைவிட "செவ்வாய்க்கிழமை மருத்துவமனைக்கு நான் கூட வருகிறேன்" என்பது உதவும். துக்கத்தில் இருப்பவருக்குத் தேவையை யோசித்துச் சொல்வதே ஒரு வேலை. கூட்டம் குறைந்துபோன மூன்றாவது மாதத்தில் மறுபடி போங்கள், இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். வேதம் வாசிக்கலாமா என்று கேட்டு, சரி என்றால் 13-ஆம் சங்கீதத்தை மெதுவாக வாசியுங்கள். இரண்டாம் வசனத்தில் அவர் அழத் தொடங்கினால் அங்கேயே நிறுத்தி வேதத்தை மூடிவிட்டு உட்கார்ந்திருங்கள். மீதி நான்கு வசனங்களை அடுத்த தடவை வாசிக்கலாம்.