இயல்புதான் என்று சொன்னேன்

“எல்லாவற்றையும் சாப்பிடுகிறார், ஆனாலும் எடை குறைந்துகொண்டே போகிறதே, நோய் திரும்ப வந்துவிட்டதா மேடம்?” என்று அந்த மகள் கேட்டார். “இரைப்பையை முழுவதும் எடுத்த பிறகு, முதல் சில மாதங்களில் பழைய எடையில் 10 முதல் 20 சதவீதம் வரை குறைவது இயல்புதான்” என்று நான் பதில் சொன்னேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. என் இடத்தில் எந்த டயட்டீஷியன் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார். ஆனால் அவருடைய அப்பா எல்லாவற்றையும் சாப்பிடவில்லை என்பது அதற்குப் பத்து நிமிடங்களுக்கு முன்பே, எடை பார்க்கும் அறையில், எனக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

அந்த மகள் கொண்டுவந்திருந்த நோட்டைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். நேரம், உணவு, அளவு, பிறகு எப்படி இருந்தார் என்று நான்கு கட்டங்களாகக் கோடு போட்டு, காலை 7 மணியிலிருந்து இரவு 9 மணி வரை ஏழு வேளைகளுக்கும் ஒன்று விடாமல் எழுதியிருந்தார். ஒவ்வொரு வரியின் முடிவிலும் சிவப்பு மையில் ஒரு டிக். அதன் வால் அடுத்த வரிக்குள் இறங்கும் அளவுக்கு நீளமாக இழுத்திருந்தார். கடைசிக் கட்டத்தில் பக்கத்துக்குப் பக்கம் “நன்றாக இருந்தார்” என்ற இரண்டே சொற்கள். இப்படியொரு நோட்டைக் காட்டி மற்ற குடும்பங்களுக்குப் பாடம் எடுக்கலாம் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

அந்தக் கட்டங்களைப் போடச் சொன்னதே நான்தான். வீட்டுக்கு அனுப்பும் நாளில் எல்லோருக்கும் சொல்வதையே அவருக்கும் சொன்னேன். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன், பெரும்பாலும் இரைப்பையில்தான் சுரக்கிறது. 1999-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதைக் கண்டறிந்த பிறகுதான், இரைப்பையை இழந்தவர்கள் ஏன் பசியையே மறந்துபோகிறார்கள் என்பதற்கு ஓரளவு விளக்கம் கிடைத்தது. ஆகவே பசித்தால் கேட்பார் என்று காத்திருக்காதீர்கள், கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்கள் என்றேன். “அவர் வேண்டாம் என்று சொன்னால்?” என்று கேட்டார். “வேண்டாம் என்பதை ஏற்றுக்கொள்ளாதீர்கள்” என்றேன். எத்தனையோ பேரிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வாக்கியம் அது. அதை ஒருவர் இப்படி எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை என்று எழுதத்தான் ஆசை. உண்மையில், எடுத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் அதைச் சொன்னேன்.

அறுவைக்கு முன் 68 கிலோ இருந்தவர், வீட்டுக்குப் போகும்போது 63 இருந்தார். மூன்று வாரத்துக்குப் பிறகு தராசு 58.8 காட்டியது. நோட்டில் எழுதியிருந்த அளவுகளைக் கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,700 கலோரி வந்தது. அவ்வளவு சாப்பிடும் மெலிந்த மனிதருக்கு, அதுவும் வீட்டுக்குள்ளேயே நடமாடுபவருக்கு, மூன்று வாரத்தில் நான்கு கிலோவுக்கு மேல் குறையக் கூடாது. தராசில் ஏறும் முன் சட்டைப்பையில் இருப்பதை எடுத்து வைக்கச் சொன்னபோது, அவர் கண்ணாடிக் கூட்டை வைத்தார், சில்லறையை வைத்தார், பிறகு சற்றுத் தயங்கி ஒரு கைக்குட்டையை வைத்தார். சாப்பாட்டின் ஈரம் காய்ந்து, மடிப்புகள் அட்டையைப் போல விறைத்திருந்தன. நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

“ஒரு வாய் கூடினாலும் நெஞ்சில் நிற்கிறது மேடம். கால் மணி நேரத்தில் வியர்த்துக் கொட்டுகிறது, படபடவென்று அடித்துக்கொள்கிறது, படுத்தால்தான் அடங்குகிறது. அதைச் சொன்னால் அவள் பயந்துபோகிறாள். அந்த சிவப்பு டிக்கைப் போட்டால்தான் ராத்திரி தூங்குகிறாள். அவளிடம் சொல்லிவிடாதீர்கள்” என்றார். சொல்ல மாட்டேன் என்று உடனே சொல்லிவிட்டேன். யோசிக்காமல்தான் சொன்னேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவர் சொன்னது டம்பிங் எனப்படும் தொந்தரவு. உணவைத் தேக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிவிட இரைப்பை இல்லாததால், உணவுக்குழாயிலிருந்து எல்லாம் நேரே சிறுகுடலில் போய் விழுகிறது. அதனால் சாப்பிட்ட 10 முதல் 30 நிமிடங்களுக்குள் வியர்வை, படபடப்பு, மயக்கம் வருகின்றன. சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை இறங்கி இன்னொரு சுற்றும் வரும். அளவைக் குறைப்பது, இனிப்பைக் குறைப்பது, தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் அரை மணி நேரம் தள்ளிக் குடிப்பது, சாப்பிட்டதும் சற்றுச் சாய்ந்திருப்பது ஆகியவற்றாலேயே பெரும்பாலானவர்களுக்கு இது அடங்கிவிடும். சொன்னால் தீரக்கூடிய ஒன்றை “நன்றாக இருந்தார்” என்ற இரண்டு சொற்களுக்குப் பின்னால் அப்பா மூன்று வாரம் மறைத்து வைத்திருந்தார்.

அறுவை மருத்துவரிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருந்தால், சாப்பிட்டும் எடை இறங்குகிறது என்ற கணக்கில் சத்து உறிஞ்சப்படவில்லையா, குடலில் கிருமிகள் பெருகிவிட்டனவா, நோய் மீண்டுவிட்டதா என்று ஒவ்வொரு பரிசோதனைக்காக அந்த மனிதரை அலைக்கழித்திருப்போம். சிகிச்சைக் குழுவுக்குள் பகிர்ந்துகொள்வது வாக்கு மீறல் ஆகாது என்று அவரிடமும் விளக்கினேன், தலையாட்டினார். மகளிடம் மட்டும் வேண்டாம் என்று மறுபடியும் சொன்னார்.

அவர் சொல்லுக்கு நான் கட்டுப்பட்டது சரிதான் என்று பல நாள் எனக்கு நானே வாதாடியிருக்கிறேன். அவர் புத்தி தெளிவாக உள்ள மனிதர். தன் உடம்பைப் பற்றி யாருக்கு எதைச் சொல்வது என்பது அவர் உரிமை. உடம்பிலிருந்து ஓர் உறுப்பையே எடுத்துவிட்டோம், எப்போது சாப்பிடுவது என்பதையும் எடுத்துக்கொண்டோம். ஒரு கைக்குட்டையையாவது அவரிடம் விட்டுவைக்க வேண்டாமா? வாதம் இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் கேள்வி கேட்ட அந்த மகளின் முகம் குறுக்கே வந்து நிற்கிறது. அவர் சதவீதம் கேட்கவில்லை. அப்பா சாகப்போகிறாரா என்று கேட்டார். அந்தப் பயத்தை ஒரே வாக்கியத்தில் போக்கும் விஷயம் என் கையில் இருந்தும், நான் புள்ளிவிவரத்தைக் கொடுத்தேன்.

அன்று நான் செய்ததெல்லாம், பொதுவான ஆலோசனை போல, ஒவ்வொரு வேளையையும் பாதியாக்கி, இரவு 9 மணி வேளையை எடுத்துவிட்டு, நோட்டில் “விட்டுவைத்தது” என்று ஐந்தாவது கட்டம் ஒன்றைச் சேர்க்கச் சொன்னதுதான். “நான் அதிகமாகக் கொடுத்துவிட்டேனா?” என்று கேட்டார். “சேச்சே, அப்படியில்லை” என்றேன். அதிகமாகக் கொடுக்கச் சொன்னது நான் என்பதால் அதுவும் ஒரு வகையில் உண்மைதான். இப்போதெல்லாம் நோட்டைத் திறக்கும் முன்பே நோயாளியைத் தனியாக உட்கார வைத்துப் பேசுகிறேன். நல்ல பழக்கம் என்று உடன் பணிபுரிபவர்கள் சொல்கிறார்கள். ஆனால், அதே வாக்கைக் கொடுத்துவிட்டு அதே கேள்வியை மறுபடியும் எதிர்கொண்டால் என்ன சொல்வேன் என்பதற்கு அந்தப் பழக்கத்தில் விடை இல்லை. “அப்பாவிடமே கேட்டுப் பாருங்கள்” என்று சொல்லியிருக்கலாமோ என்று தோன்றுகிறது. அதுவும் காட்டிக்கொடுத்ததாகத்தானே ஆகும் என்றும் தோன்றுகிறது.

அடுத்த முறை அவர் எடை 59.4. நோட்டில் சிவப்பு டிக் ஒன்றுகூட இல்லை. ஐந்தாவது கட்டத்தில் “பாதி”, “இரண்டு வாய்”, ஓரிடத்தில் “வேண்டாம் என்றார், விட்டுவிட்டேன்” என்று இருந்தது. அப்பா தன்னிடம் எப்போது சொன்னார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இனி ஆயுள் முழுவதும் தேவைப்படும் வைட்டமின் பி12 ஊசிக்காக அப்பா உள்ளே போயிருந்தபோது, மகள் “அன்றைக்கே உங்களுக்குத் தெரியும், இல்லையா மேடம்?” என்று கேட்டார்.

“தெரியும்” என்றேன்.

கோபம் எதுவும் இல்லை. நோட்டில் புதிய பக்கம் ஒன்றைப் புரட்டி, அடுத்த மாதத்துக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லி என் பக்கம் நகர்த்தினார். நான் எழுதிக்கொண்டிருக்கும்போது, “முதல் மூணு வாரம் நல்லாத் தூங்கினேன். நீங்கள் இயல்புதான்னு சொன்னதுக்கு அப்புறம்தான் தூங்கவே இல்லை” என்றார்.