முன் சக்கரத்தின் பாரம்

சக்கர நாற்காலி செய்யும் பட்டறைக்கு வருகிறவர்கள் முதலில் தொட்டுப் பார்ப்பது பின்னால் இருக்கும் பெரிய சக்கரத்தைத்தான். அடுத்து இருக்கை. பிறகு மோட்டார் உண்டா என்று கேட்பார்கள். முன்னால் இருக்கும் சின்னச் சக்கரங்களைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. கரடுமுரடான தரையில் ஓடும் நாற்காலிகளை வடிவமைப்பதே என் வேலை. ஒருவர் வாசலைத் தாண்டித் தெருவுக்கும், தெருவைத் தாண்டிக் காட்டுக்கும் போக முடியுமா என்பதை அந்தச் சின்னச் சக்கரம்தான் முடிவு செய்கிறது என்பது இத்தனை வருட வேலையில் எனக்குப் பிடிபட்ட விஷயம்.

மருத்துவமனைகளில் நாம் பார்க்கும் மடக்கு நாற்காலியின் வடிவம் 1933-இல் அமெரிக்காவில் உருவானது. சுரங்க விபத்தில் நடக்க முடியாமல் போன ஹெர்பர்ட் எவரெஸ்டும் அவருடைய நண்பரான பொறியாளர் ஹாரி ஜென்னிங்ஸும் சேர்ந்து செய்தார்கள். மடக்கிக் காரில் வைத்துக்கொண்டு போகவேண்டும், அதுதான் அவர்கள் தேவை. கார் போகிற இடத்தில் சாலையும் இருக்கும். அந்தத் தேவைக்கு அது அருமையான வடிவம். அதே குழாய், அதே குறுக்குச் சட்டம், அதே 8 அங்குலக் கெட்டி ரப்பர் முன் சக்கரம் அப்படியே கரிசல் காட்டுக்கும் மலைக்கிராமத்துக்கும் அனுப்பப்படுவதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். 8 அங்குலச் சக்கரத்துக்கு முன்னால் 1 அங்குல உயரத்தில் ஒரு கல். அந்தச் சக்கரத்தின் மேல் 10 கிலோ பாரம் இருந்தால், கல்மேல் ஏற்ற ஏறக்குறைய 9 கிலோ அளவுக்கு முன்னோக்கித் தள்ளவேண்டும். 4 அங்குலச் சக்கரம் என்றால் 17 கிலோவைத் தாண்டும். 24 அங்குலம் என்றால் நாலரைக் கிலோகூட வேண்டாம். சக்கரம் பெரிதானால் சுமை குறைகிறது, சரி. ஆனால் அதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. சக்கரத்தின் அளவை மாற்றாமல் அதன் மேலுள்ள பாரத்தைப் பாதியாக்கினாலும் தள்ளவேண்டிய விசை பாதியாகும். இந்த இரண்டாவது வழியில்தான் எங்கள் வேலையின் பெரும்பகுதி இருக்கிறது.

தள்ளும் விசை போதாமல் போனால் வண்டி வெறுமனே நிற்பதில்லை. முன் சக்கரம் கல்லில் முட்டி நின்றுவிடும், உட்கார்ந்திருப்பவரின் உடல் தன் வேகத்திலேயே முன்னால் போகும். தண்டுவடம் மார்பு மட்டத்தில் பாதிக்கப்பட்டவருக்கு இடுப்புக்கு மேலேயும் பிடிமானம் இருக்காது. அப்படியே முகம் குப்புற விழுவார். பல வருடம் நடக்காத கால்களில் எலும்பு மெலிந்து போயிருக்கும், உணர்வும் இருக்காது. தொடை எலும்பு முறிந்ததே தெரியாமல் வீக்கத்தைப் பார்த்த பிறகு மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. ஒருமுறை அப்படி விழுந்தவரை மறுபடி வெளியே கூட்டிவருவது லேசில்லை. வீட்டாரும் விடமாட்டார்கள்.

முன் சக்கரத்தின் பாரத்தைக் குறைக்க எளிய வழி பின் சக்கரத்தின் ஆக்சிலைக் கொஞ்சம் முன்னே தள்ளிவைப்பது. உடலின் எடை பெரிய சக்கரத்தின் மேல் வந்து உட்காரும், தள்ளுவது லேசாகும். ஆனால் ஏற்றத்தில் வண்டி மல்லாக்கச் சாயும். அதற்கு மாறாக, முன் சக்கரங்களைப் பாதத்துக்கு அருகே நீட்டிவைத்தால் முன்னாலும் கவிழாது, பாரமும் குறையும். ரால்ஃப் ஹாட்ச்கிஸ் இந்த வழியில் போனவர். 1966-இல் மோட்டார் சைக்கிள் விபத்துக்குப் பிறகு தானே சக்கர நாற்காலியில் வாழ்பவர். 1980-இல் நிகராகுவாவில் தொடங்கி, பல நாட்டுப் பட்டறைக்காரர்களோடு சேர்ந்து வேலை செய்தார். அவருடைய வேர்ல்விண்ட் அமைப்பின் ரஃப்ரைடர் நாற்காலியைப் பக்கவாட்டில் பார்த்தால் முன் சக்கரம் எவ்வளவு தூரம் தள்ளியிருக்கிறது என்பது முதலில் கண்ணில் படும். அதில் போடும் அகலமான, மெத்தென்ற ரப்பர் சக்கரத்துக்கு ஜிம்பாப்வே சக்கரம் என்றே பெயர், அந்த நாட்டில் பிறந்ததால். பிரிட்டனின் மோட்டிவேஷன் அமைப்பு 1991-இல் வங்கதேசத்தில் வேலையைத் தொடங்கியது. அவர்களுடைய மூன்று சக்கர நாற்காலி இன்னொரு சிக்கலையும் தீர்க்கிறது. விறைப்பான சட்டத்தில் நான்கு சக்கரம் இருந்தால் மேடுபள்ளத்தில் எப்போதும் ஏதாவது ஒன்று அந்தரத்தில் தொங்கும், அது தள்ளும் சக்கரமாக இருந்தால் பிடியே போய்விடும். மூன்று சக்கரம் எந்தத் தரையிலும் மூன்றும் ஊன்றி நிற்கும்.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ளலாம். மண்ணைப் பற்றி மண்ணில் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. மணலுக்கு அகலமான சக்கரம் வேண்டும். திருச்செந்தூர் பக்கத் தேரிக்காட்டில் ஒடுக்கமான டயர் கத்தி மாதிரி இறங்கிவிடும். கரிசலில் அதே அகலம் எதிரியாகிறது. மழை பெய்த மறுநாள் கரிசல் மண் டயரில் ஒட்டும், ஒட்டிய மண்ணின்மேல் மண் ஒட்டும், கொஞ்ச தூரத்தில் முன் சக்கரத்துக்கும் அதைப் பிடித்திருக்கும் ஃபோர்க்குக்கும் இடையிலுள்ள சந்து அடைத்துச் சக்கரம் சுற்றுவதே நின்றுபோகும். அங்கே சக்கரத்தின் அகலத்தைவிட ஃபோர்க்கின் இடைவெளிதான் முக்கியம். குச்சியைவிட்டு மண்ணைத் தள்ள இடம் வேண்டும், அந்த இடத்துக்கு உட்கார்ந்தபடியே கை எட்டவும் வேண்டும். எல்லா மண்ணுக்கும் ஒரே நாற்காலி என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

பிறகு முள். சீமைக்கருவேல முள் சைக்கிள் டயரைத் துளைத்து டியூப் வரை போகும். காற்றே வேண்டாம், கெட்டி டயர் போட்டுவிடலாம் என்றால் தரையின் ஒவ்வொரு அதிர்வும் நேராக முதுகுக்கு ஏறும். சிலருக்குக் கால் தசை இழுத்துத் துடிக்க ஆரம்பித்துவிடும், பாதம் ஃபுட்ரெஸ்ட்டிலிருந்து நழுவும். நான் காற்று டயரின் பக்கம். அப்படியென்றால் பஞ்சர் ஒட்டும் வழியையும் நாமே யோசிக்கவேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. சக்கர நாற்காலி டயரிலும் 24 அங்குலம் என்று எழுதியிருக்கும், சிறுவர் சைக்கிளின் டயரிலும் அதே 24 அங்குலம் எழுதியிருக்கும். முதலாவது உட்காரும் ரிம்மின் விட்டம் 540 மில்லிமீட்டர், இரண்டாவதுக்கு 507. ஒன்றுக்கு ஒன்று சேராது. ஊர் சைக்கிள் கடையில் கிடைக்கும் டயர் எதுவோ அதற்கேற்ற ரிம்மை வடிவமைப்பின் முதல் நாளே தேர்ந்துகொள்ள வேண்டும். பேரிங்கும் அப்படித்தான். டூவீலர் ஸ்பேர்ஸ் கடையில் எண்ணைச் சொன்னால் எடுத்துத் தருகிற பேரிங்காக இருக்கவேண்டும்.

வெளியே நன்றாக ஓடுகிற வண்டி வீட்டுக்குள் வர மறுக்கும். அகலமான டயரும் நீளமான அடிச்சட்டமும் குளியலறைக் கதவில் மாட்டிக்கொள்ளும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஏமோஸ் விண்டர் குழுவினர் செய்த நெம்புகோல் நாற்காலியும் இந்தச் சிக்கலைத் தாண்டித்தான் வந்தது. சைக்கிள் செயினோடு இணைந்த இரண்டு நெம்புகோல்களை முன்னே தள்ளி ஓட்டும் வண்டி அது. நெம்புகோலின் மேல்பகுதியைப் பிடித்தால் ஏற்றத்துக்கு வேண்டிய விசை கிடைக்கும், கீழே பிடித்தால் சமதரையில் வேகம். கியர் மாற்றும் வேலையைக் கையே செய்துவிடுகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் சோதித்தபோது வீட்டுக்குள் அது பெரிதாகவும் கனமாகவும் இருந்தது. பயன்படுத்தியவர்கள் சொன்னதைக் கேட்டு ஒடுக்கிக் கனம் குறைத்து குவாத்தமாலாவுக்குக் கொண்டுபோனார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசனின் ஆய்வு மையத்திலிருந்து கிளைத்த நியோமோஷன் நிறுவனத்தின் விடை வேறு. நாற்காலியின் முன்னால் மோட்டார் பொருத்திய ஒரு சக்கரத்தைக் கொக்கி போட்டு மாட்டினால் சின்னச் சக்கரங்கள் தரையைவிட்டுத் தூக்கிக்கொள்ளும். வீடு வந்ததும் கழற்றிவிடலாம். முன் சக்கரப் பிரச்சினையை அந்தரத்தில் தூக்கி வைத்துவிடும் இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. முன் சக்கரம் இழுக்கும் வண்டிக்கு ஒரு குணம் உண்டு. ஏற்றத்தில் எடை பின்னால் சாயும்போது அது பிடிப்பை இழக்கும். தார் ரோட்டில் பொருட்டில்லை, சரளைக்கல் ஏற்றத்தில் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

விளாத்திகுளம் பக்கம் ஆடு வளர்க்கும் ஒருவர், பனையிலிருந்து விழுந்து தண்டுவடம் பாதிக்கப்பட்டவர், நாங்கள் சோதனைக்காகச் செய்த வண்டியை ஓட்டிப் பார்க்க ஒப்புக்கொண்டார். கண்மாய்க் கரையில் ஏறுவதற்கு எவ்வளவு விசை வேண்டும் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏத்தத்துல நான் எப்படியாச்சும் ஏறிருவேன் தம்பி. எறக்கத்துல வண்டி நம்ம சொல்லு கேக்குமா, அதச் சொல்லுங்க" என்றார்.

"கைவளையத்த இறுக்கிப் பிடிச்சா நிக்கும் அண்ணாச்சி."

"சேறு பட்ட கையில என்னத்தப் பிடிக்க?"

சரியான கேள்வி. நாற்காலிகளில் இருக்கும் பிரேக் பெரும்பாலும் நின்ற வண்டி நகராமல் இருப்பதற்கானது. ஓடும்போது, பெரிய சக்கரத்தை ஒட்டித் தள்ளுவதற்காக இருக்கும் கைவளையத்தைப் பிடித்து வேகத்தைக் குறைப்பது உள்ளங்கைதான். காய்ந்த வளையம் கையைச் சுடும், ஈர வளையம் வழுக்கும். கையின் தோல் கிழிந்தால் அவருக்கு நடையும் போச்சு, கட்டிலுக்கு மாறுவதும் போச்சு. எம்.ஐ.டி. வண்டியில் நெம்புகோலைப் பின்னால் இழுத்தாலே பிரேக் பிடிக்கும். தள்ளும் கையை எடுக்காமலே நிறுத்த முடிகிற அந்த ஏற்பாட்டின் அருமை அந்தக் கரையில்தான் எனக்கு முழுதாக விளங்கியது. நாங்கள் இரண்டு பக்கமும் தனித்தனிப் பிரேக் வைத்தோம். இறக்கத்தில் ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் வண்டி அந்தப் பக்கம் திரும்பும், அதனால் ஓட்டும் வேலையும் பிரேக்கிலேயே நடக்கிறது.

சக்கர நாற்காலிகளுக்கான சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 7176-இன்படி நாற்காலியில் பொம்மையை உட்காரவைத்து, பட்டை அடித்த உருளைகளின் மேல் 2,00,000 சுற்று ஓட்டுவார்கள். பிறகு 50 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து 6,666 முறை கீழே போடுவார்கள். கடுமையான சோதனைதான், சட்டத்தின் வெல்டிங்கை நன்றாகக் காட்டிக்கொடுக்கும். ஆனால் துருவும் மண்ணும் அதில் இல்லை. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன் சக்கரத்துக்கென்றே அடி, துரு, தேய்மானம் மூன்றையும் சேர்த்துச் சோதிக்கும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு வேண்டியது அதுதான். களத்திலிருந்து திரும்பிவரும் வண்டிகளில் சட்டம் முறிந்தவை குறைவு, முன் சக்கர பேரிங் இறுகிப்போனவை அதிகம்.

அண்ணாச்சிக்கு இன்னொரு தேவையும் இருந்தது. ஆட்டுக்குத் தழை கொண்டுவர வேண்டும். முதுகுக்குப் பின்னால் மூட்டையைக் கட்டினால் ஏற்றத்தில் வண்டி மல்லாந்துவிடும். மடியில் வைத்தால் கை வளையத்துக்கு எட்டாது. கால்பக்கம் வைத்தால், இத்தனை பாடுபட்டு முன் சக்கரத்திலிருந்து இறக்கிய பாரம் திரும்ப அங்கேயே போய் ஏறிக்கொள்ளும். இருக்கைக்குக் கீழே, ஆக்சிலுக்குக் கொஞ்சம் முன்னால், தாழ்வாக ஓர் இடம் இருக்கிறது. அங்கே கம்பி வலையில் ஒரு தட்டு அடித்துக் கொடுத்திருக்கிறோம். தழைக்கட்டோடு கண்மாய்க் கரையில் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, தட்டை இன்னும் நாலு விரல் அகலமாக்கித் தரச் சொல்லியிருக்கிறார். அகலமாக்கினால் தழை ஸ்போக்ஸில் சிக்கும் என்பதால் பக்கவாட்டில் தகடு வைத்து அடுத்த வடிவத்தை வரைந்துகொண்டிருக்கிறேன்.