ரப்பர் தவளையும் நிஜத் தவளையும்

வரால் பிடிக்க ரப்பர் தவளை வாங்கியதில்தான் இதெல்லாம் தொடங்கியது. தக்கலை பக்கம் எங்கள் ஊர்க்குளத்தில் தாமரையும் பாசியும் மண்டிக் கிடக்கும். மண்புழு கோர்த்துப் போட்டால் கெளுத்தியும் சிலேபியும் கிடைக்கும். வரால் வேண்டுமென்றால் இரை இலைகளுக்கு மேலேயே ஓட வேண்டும். ரப்பர் தவளையில் தூண்டில் முள் இரண்டும் முதுகோடு ஒட்டி இருப்பதால் பாசியில் மாட்டாது. மீன் கவ்வி அழுத்தும்போதுதான் முள் வெளியே வரும்.

அதை எப்படி இழுப்பது என்பது நிஜத் தவளையைப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. கண்ணை மட்டும் வெளியே காட்டி மிதக்கும் ஒரு தவளை எல்லாக் குளத்திலும் உண்டு. பக்கத்தில் போனால் தண்ணீர் மேலேயே தத்தித் தத்திப் போய், சட்டென்று நின்றுவிடும். அந்த நிற்றலைப் பழக வேண்டும். இரண்டு மூன்று சின்ன இழுப்பு, பிறகு அசையாமல் விடுவது. வரால் காற்றைச் சுவாசிக்க மேலே வரும் மீன். அது வந்துபோன இடத்தைத் தாண்டி வீசி, அந்த வழியாக இழுத்து வந்து நிறுத்தினால், பெரும்பாலும் நிறுத்தத்தில்தான் அடி விழுகிறது.

அப்புறம் மீனைவிடத் தவளை மேல் ஆசை கூடிவிட்டது. இடவப்பாதி என்று நாங்கள் சொல்லும் தென்மேற்குப் பருவமழை வலுத்து, முதல் போக நெல்லான கன்னிப்பூ வயல்களில் தண்ணீர் நிற்கும் இரவுகளில் டார்ச்சோடு வரப்பில் போய் நிற்பேன். பெரிய வயல் தவளையின் ஆண்கள் அப்போது எலுமிச்சை மஞ்சளாகிவிடும். கத்தும்போது தொண்டையின் இரண்டு பக்கமும் நீலப் பைகள் உப்பும். இப்படி ஒரு நிறம் நம் வயலிலேயே இருப்பது பலருக்குத் தெரியாது என்பதுதான் எனக்கு வருத்தம்.

“அந்தக் காலத்துல இத பெட்ரோமாக்ஸ் வச்சுப் பிடிச்சு சாக்குல கெட்டுவாங்க மக்களே” என்றார் பெரியப்பா. தவளைக் கால்கள் வெளிநாட்டுக்கு உணவாகப் போன காலம் அது. 1987-இல் இந்தியா அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இந்தத் தவளையைக் காக்கிறது. ஆகவே உயிருள்ள தவளையை முள்ளில் கோர்த்து வரால் பிடிக்கும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். ரப்பர் தவளையே தாராளமாகப் போதும்.

இப்போது என் வேட்டை போனில் குரல் பதிவதுதான். ஒரே இடத்தில் ஐந்து நிமிடம் பதிந்து, மழை பெய்ததா, தண்ணீர் எவ்வளவு நின்றது என்று எழுதி வைக்கிறேன். கட்டைவிரல் நுனி அளவே உள்ள குறுவாய்த் தவளை போடும் சத்தத்தைக் கேட்டால், இத்தனை சின்ன உடம்பா என்று தோன்றும்.

வாழைத் தோட்டத்துத் தொட்டியில் மரத்தவளை கட்டிய நுரைக்கூடு கிடைத்தது பெரிய பரிசு. தண்ணீருக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தது. முட்டை காய்ந்துவிடாமல் நுரை காக்கிறது. பொரித்த தலைப்பிரட்டைகள் நேராகத் தண்ணீரில் விழுகின்றன. தேரையோ ஜெல்லி மாலை போல நீளமாக முட்டையிடுகிறது. கையில் எடுத்தே ஆக வேண்டுமென்றால் கையை நனைத்துக்கொள்ளுங்கள். கொசு மருந்து தடவிய கையோடு தொடவே கூடாது, அதன் தோல் எல்லாவற்றையும் உறிஞ்சும். தவளை இருக்கும் இடத்துக்குப் பாம்பும் வரும், கம்பூட் அவசியம்.

மீன் பிடிப்பவர்களுக்கு இன்னொன்று. செக்கச்செவேல் என்று வரால் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்தால், கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அப்போது எதைப் போட்டாலும் பாய்ந்து கடிக்கும். பிடிப்பது ரொம்பச் சுலபம், பிடித்தால் அத்தனை குஞ்சும் மற்ற மீன்களுக்கு இரை. நான் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறு கரைக்குப் போய்விடுவேன். குளம் குத்தகையில் இருந்தால் குத்தகைக்காரரிடம் கேட்டுவிட்டே இறங்குங்கள்.

அடுத்து மலைப் பக்கம். மேற்குத் தொடர்ச்சி மலையில் தண்ணீர் வழியும் பாறையில் ஒட்டியே வளரும் தலைப்பிரட்டைகள் உண்டு. சரணாலயத்துக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும், அதனால் முதலில் பேச்சிப்பாறை போகும் சாலையோர ஓடைகளில் தேடப் போகிறேன்.